புது டிஸ்க், பழைய விண்டோஸ்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எஸ்.எஸ்.டி. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாங்குவதைப் பற்றி இல்லை. "வாங்கியாச்சு, உள்ளே இருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்குக் கொண்டுபோவது எப்படி?" என்பதுதான் கேள்வி. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அது ஒன்றுக்கே. சிலர் அலுவலகக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதியிருப்பதால் பெயர்களைப் போடவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கம்ப்யூட்டரில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. 1 டி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி வைத்திருக்கிறோம். சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் போட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்கிறார். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். புதிதாக ஏற்றுவது அவருக்குச் சுலபம். வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். அப்புறம் டோக்கனுக்கு டிரைவர் தேடுவதும், எந்த பிரவுசரில் எந்த செட்டிங் வைத்திருந்தோம் என்று யோசிப்பதும் உங்கள் பாடு. உள்ளே இருக்கிற விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது, இடம் மட்டும்தான் போதவில்லை என்றால் அதை அப்படியே மாற்றிவிடலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு நேராக நகலெடுப்பது குளோன். பழைய டிஸ்க் முழுவதையும் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் ஃபைலாகச் சேமித்து, அதிலிருந்து புது டிஸ்க்கில் இறக்குவது இமேஜ். குளோன் சீக்கிரம் முடியும். ஆனால் நான் எப்போதும் இமேஜ் பக்கம்தான். குளோனில் எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் போய் நிறைந்த டிஸ்க்கின் மேல் உட்கார்ந்துவிடும். இமேஜில் பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் செய்கிறோம். புது டிஸ்க்கில் இறக்கும்போது பழையதைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடலாம். ஏதாவது கோளாறானால் பழையதை மாட்டி வேலையைத் தொடரலாம், இமேஜை மறுபடியும் இறக்கிப் பார்க்கலாம். ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது முக்கியம்.

தேவையானவை: ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு பென் டிரைவ். வெளி டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. பெரிய இமேஜ் பாதியில் நின்றுவிடும், அல்லது துண்டு துண்டாக உடையும். இமேஜ் எடுக்கும் மென்பொருள் டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் பகுதியை மட்டும்தான் எடுக்கும். அதையும் சுருக்கி வைக்கும். ஃபோட்டோ, வீடியோ, பி.டி.எஃப். நிறைய இருந்தால் பெரிதாகச் சுருங்காது. எடுப்பதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அது முந்தைய விண்டோஸின் மிச்சம். டிஸ்க் கிளீனப் வழியாக அதையும் நீக்கிவிடலாம்.

இமேஜ் எடுக்கும்போது சி டிரைவுக்கு மட்டும் டிக் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது போதாது. அதற்கு முன்னால் 100 எம்.பி. அளவில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) என்று ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் பூட் ஆவது அதிலிருந்துதான். டிஸ்க் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் 'வெரிஃபை' என்று ஒன்று கேட்கும், எடுத்த இமேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது அது. நேரமாகிறது என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது நான் பிடிவாதமாகச் சொல்கிற விஷயம். இமேஜ் எடுக்கும் அந்த மென்பொருளிலேயே (எது என்பது கீழே தஞ்சாவூர் பதிலில்) பூட் ஆகும் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால், பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். வெளி டிஸ்க் தெரிகிறதா, இமேஜ் ஃபைல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிப்போட்ட பிறகு பென் டிரைவ் பூட் ஆகவில்லை என்று தெரிந்தால், புதிதாக ஒன்று தயார் செய்ய வேறு கம்ப்யூட்டர் தேடி அலைய வேண்டும்.

புது டிஸ்க்கில் இறக்கியபின் முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண். இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கிவிடும். எதை ஒதுக்கும் என்பது நம் கையில் இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? 180 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். யு.எஸ்.பி. 3 போர்ட்டில் மாட்டிய வெளி ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி. அளவில் எழுதினால் அரை மணி நேரம். அதே டிஸ்க்கைப் பழைய யு.எஸ்.பி. 2 போர்ட்டில் சொருகினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பல கம்ப்யூட்டர்களில் யு.எஸ்.பி. 3 போர்ட்டின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

டேலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேலி லைசன்ஸையும் முன்கூட்டியே சரண்டர் செய்துவிட்டு, புது டிஸ்க்கில் ஆக்டிவேட் செய்துகொள்வது நிம்மதி. இன்னொன்று: ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் 20ஆம் தேதி. 19ஆம் தேதி ராத்திரி இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இமேஜ் எடுத்து 1 டி.பி. டிஸ்க்கில் இறக்கிவிட்டேன். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. ஆனால் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கிறது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் பார்த்தால் கடைசியில் 693 ஜி.பி. கறுப்புப் பட்டையாகக் காலியாகக் கிடக்கிறது. 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. டிஸ்க்கும் 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஆசிரியை, நாகர்கோவில்

முதலில் 931. யாரும் ஏமாற்றவில்லை, டீச்சர். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவதை ஒரு ஜி.பி. என்கிறது, அது 107 கோடிக்கும் மேல். அதனால் 1 டி.பி. 931 ஆகத் தெரியும், உங்கள் பழைய 256 ஜி.பி. 238 ஆகத் தெரியும். இரண்டையும் கழித்தால் நீங்கள் எழுதிய அதே 693.

இனி மங்கலான அந்த மெனு. எனக்கு வருகிற கடிதங்களில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விண்டோஸின் 'எக்ஸ்டெண்ட்', சி டிரைவுக்கு ஒட்டினாற்போல் வலது பக்கத்தில் காலி இடம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். உங்கள் படத்தை மறுபடி பாருங்கள். இடமிருந்து வலமாக: 100 எம்.பி. இ.எஃப்.ஐ., பிறகு சி டிரைவ், பிறகு சில நூறு எம்.பி. அளவில் 'ரெக்கவரி பார்ட்டிஷன்', அதற்கும் அப்பால்தான் காலி இடம். (நடுவில் 16 எம்.பி.க்கு இன்னொரு பார்ட்டிஷனும் உண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது.) சிக்கும் காலி இடத்துக்கும் குறுக்கே அந்தச் சின்ன ரெக்கவரி நிற்கிறது. இமேஜ் பழைய டிஸ்க்கில் இருந்த வரிசையை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டது. அதன் வேலை அதுதான்.

இமேஜ் ஃபைல் இன்னும் கையில் இருந்தால், புது டிஸ்க்கில் வேலை எதுவும் ஆரம்பிக்கவில்லை என்றால், மறுபடி இறக்குவதுதான் சுலபம். இறக்குவதற்கு முந்தைய திரையில் பார்ட்டிஷன்களின் அளவை மாற்ற இடம் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அங்கேயே ரெக்கவரியைக் கடைசிக்குத் தள்ளி, சியை இழுத்துவிடலாம். குளோன்ஜில்லா என்ற இலவச இமேஜ் மென்பொருளைப் பயன்படுத்தினால், எக்ஸ்பர்ட் மோடுக்குள் போய், பார்ட்டிஷன் டேபிளைப் புது டிஸ்க்கின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் உருவாக்கும் தேர்வை எடுக்க வேண்டும். பிகினர் மோடில் அடுத்தடுத்து என்டர் தட்டிக்கொண்டே போனால் உங்களுக்கு வந்த நிலைமைதான் வரும்.

புது டிஸ்க்கில் ஏற்கெனவே வேலை ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் இருக்கிற இடத்திலேயே சரிசெய்யலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ரீஏஜென்ட்சி' கட்டளையை 'டிசேபிள்' என்ற தேர்வோடு கொடுங்கள். ரெக்கவரிக்கான ஃபைல் சி டிரைவுக்குள் பத்திரமாக வந்துவிடும். பிறகு ஜிபார்ட்டட் (பார்ட்டிஷன்களை நகர்த்தும் மென்பொருள்) பென் டிரைவில் பூட் செய்து, ரெக்கவரி பார்ட்டிஷனை டிஸ்க்கின் வலது ஓரம் வரை நகர்த்துங்கள். சில நூறு எம்.பி.தான், சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். கையோடு அதை 1 ஜி.பி. அளவுக்குப் பெரிதாக்கிவிடுங்கள். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், ரெக்கவரியில் 250 எம்.பி. காலி இடம் இல்லாத கம்ப்யூட்டர்களில் ஏறாமல் திரும்பத் திரும்பத் தோற்றது. 693 ஜி.பி. கையில் இருக்கும்போது இங்கே கஞ்சத்தனம் எதற்கு? பிறகு விண்டோஸுக்குள் வந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' தெளிவாகத் தெரியும். சியை நீட்டிவிட்டு, அதே ரீஏஜென்ட்சி கட்டளையை 'எனேபிள்' என்று கொடுங்கள். 'இன்ஃபோ' என்று கொடுத்தால் ரெக்கவரி செயல்படுகிறதா என்று சொல்லும்.

இன்டர்நெட்டில் சிலர் ரெக்கவரியை அழித்துவிட்டால் போதும் என்கிறார்கள். அழித்தாலும் விண்டோஸ் ஓடும், அது உண்மை. ஒருநாள் பூட் ஆகாமல் போகும்போது நீலத் திரையில் வரும் 'டிரபிள்ஷூட்' பக்கம் அதற்குள்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபான்ட்கள். 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. இமேஜ் எடுத்தால் பாதிக்கு மேல் போய் எர்ரர் காட்டி நிற்கிறது. பேஜ்மேக்கர் சி.டி. எங்கே என்றே தெரியவில்லை.
– வாசகர், விருதுநகர்

இன்னொரு தடவை முயற்சி செய்யாதீர்கள் அண்ணே. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் வந்துவிட்டன. சாதாரண இமேஜ் மென்பொருள் அந்த இடத்தில் முட்டி நின்றுவிடும். நீங்கள் திரும்பத் திரும்ப ஓட்டினால் டிஸ்க்கின் மிச்ச ஆயுளும் அதிலேயே போய்விடும். 'செக்டிஸ்க்' ஓட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நல்ல டிஸ்க்குக்குச் செய்ய வேண்டியது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் மணிக்கணக்கில் அதை ஓட்டக் கூடாது.

முதலில் கஸ்டமர் ஃபைல்கள், ஃபான்ட் ஃபோல்டர். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து இவற்றை மட்டும் வெளியே எடுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த ஃபைல்களுக்கு அந்த ஃபான்ட்தான் உயிர். அது இல்லாமல் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

அப்புறம் 'டிடிரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் மென்பொருள். இது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டு மறுநாள் தொடரலாம். உங்கள் விஷயத்தில் மட்டும் இமேஜைத் தவிர்த்துவிட்டு நேராகப் புது டிஸ்க்குக்கு எடுத்தால் பரவாயில்லை. ஆனால் மூலமும் இலக்கும் மாறிவிடாமல் கட்டளையை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் லினக்ஸ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கே அடையாளம் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால் அது டேட்டா ரெக்கவரி ஆட்கள் பார்க்க வேண்டிய வேலை. நீங்களோ நானோ திறந்து பார்ப்பதல்ல.

புது டிஸ்க் 500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி.யாக (கேபிளில் மாட்டும் வழக்கமான வகை) இருக்கட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் என்.வி.எம்.இ. (மதர்போர்டில் நேராகச் சொருகும் வேகமான வகை) வேண்டாம். விண்டோஸ் 7 சி.டி.யில் அதற்கான டிரைவரே கிடையாது. 2 டி.பி.க்கு மேலும் போகாதீர்கள், பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய எம்.பி.ஆர். முறைக்கு அந்த எல்லைக்கு அப்பால் எண்ணத் தெரியாது. சிக்குப் பக்கத்தில் டி டிரைவ் வைத்திருந்தால், நாகர்கோவில் டீச்சருக்கு ரெக்கவரி நின்ற மாதிரி உங்களுக்கு டி குறுக்கே நிற்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். காலி இடத்தில் இ டிரைவ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பத்திரிகை மட்டும் அடியுங்கள். நெட் இணைப்பு வேண்டாம்.

நோட்டன் கோஸ்ட் சி.டி. இன்னும் வைத்திருக்கிறேன். அதையே பயன்படுத்தலாமா?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், தஞ்சாவூர்

அந்த சி.டி.யைப் பார்த்தாலே ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது, ஐயா. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்த, டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள். 1998இல் சிமன்டெக் வாங்கியது. 2013இல் நோட்டன் கோஸ்டை நிறுத்திவிட்டது. ஒருகாலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அதுதான் தெய்வம். ஆனால் இன்றைய கம்ப்யூட்டர்களின் ஜி.பி.டி. முறை (எம்.பி.ஆருக்குப் பதிலாக வந்தது) பழைய கோஸ்டுக்குப் புரியாது. எக்ஸ்.பி. ஓடும் கம்ப்யூட்டர் என்றால் பயன்படுத்துங்கள்.

இமேஜ் எடுக்கப் பலரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பும் 2024 ஜனவரி 1ஆம் தேதியோடு போய்விட்டது. இன்று காசில்லாமல் வேண்டுமென்றால் ரெஸ்க்யூஜில்லா. குளோன்ஜில்லா செய்யும் வேலையையே மௌஸால் செய்யலாம். புது டிஸ்க் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தையும் பாருங்கள். தங்கள் டிஸ்க் வாங்கியவர்களுக்கென்று இந்த வேலைக்கான மென்பொருளை இலவசமாகக் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு.

சாட்டா டிஸ்க்கிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாற்றினேன். 'இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வருகிறது.
– கல்லூரி மாணவர், மதுரை

விண்டோஸ் இதுவரை சாட்டாவில் இருந்தே பூட் ஆகிப் பழகியது தம்பி. என்.வி.எம்.இ. டிரைவர் உள்ளே இருந்தாலும் பூட் சமயத்தில் அதை எழுப்புவதில்லை. இரண்டு மூன்று முறை தோற்றதும் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்தி சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய்விட்டு, வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். நடுவில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் திரை) டிஸ்க்குக்கான ஏ.எச்.சி.ஐ., ரெய்டு, வி.எம்.டி. என்று எதையாவது மாற்றிப் பார்த்திருந்தால் முதலில் பழையபடி வையுங்கள்.

டிஸ்க் மாற்றியபின் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைக்கவில்லையே?
– வங்கி ஓய்வூதியர், கோயம்புத்தூர்

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து லாகின் செய்யும்போது பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. சாவி அந்த அக்கவுண்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் அதே ஈமெயிலால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து 'ரெக்கவரி கீ' பகுதியைப் பாருங்கள். அந்த எண் கிடைக்கவில்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பழைய டிஸ்க்கை மாட்டி, அதற்குள் போய்ப் பூட்டை நீக்கிவிட்டு, மறுபடி இமேஜ் எடுக்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் இமேஜ் எடுக்கும் முன்பே செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (மேலே சொன்ன டிஸ்க் பூட்டு) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருக்கும் டிஸ்க்கைப் பென் டிரைவில் பூட் செய்து நகலெடுத்தால், எது காலி, எது நிரம்பியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. காலி இடத்தையும் சேர்த்து அள்ளும். 60 ஜி.பி. உள்ள டிஸ்க்குக்கு 238 ஜி.பி. இமேஜ் வந்து நிற்கும்.

டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடுமா?
– வாசகர், தாம்பரம்

போகாது. டிஜிட்டல் லைசன்ஸ் பெரும்பாலும் மதர்போர்டைப் பார்த்துத்தான் இருக்கிறது.

இமேஜ் வைப்பதற்கென்று ஆன்லைனில் 16 டி.பி. வெளி எஸ்.எஸ்.டி. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். இமேஜ் எடுத்து முடித்தேன், எர்ரர் எதுவும் வரவில்லை. வெரிஃபை செய்தால் மட்டும் தோற்கிறது. பழைய டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை.
– வாசகர், ஓசூர்

அழிக்காதீர்கள். அந்த விலைக்கு 16 டி.பி. கிடைக்கவே கிடைக்காது. இப்படி விற்பவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டி.பி. என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியமைத்திருப்பார்கள். உண்மையான கொள்ளளவு தீர்ந்தபிறகு எழுதுவதெல்லாம் போன இடம் தெரியாது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே போய் விழும். விண்டோஸ் மட்டும் 'காப்பி முடிந்தது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வெளியிட்ட 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கை முழுவதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, எவ்வளவு நிஜம் என்று சொல்லிவிடும். லினக்ஸில் அதே வேலைக்கு 'எஃப்3'. முழுவதும் ஓட விட வேண்டாம். முதலில் 200 ஜி.பி. மட்டும் சோதிக்கச் சொல்லிக் கொடுங்கள், அதிலேயே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள். கையில் வேறு சாதாரண ஹார்ட் டிஸ்க் எது இருந்தாலும் அதில் இமேஜை மறுபடி எடுங்கள். அது வெரிஃபை ஆகும் வரை புது டிஸ்க்கை மாட்டவே வேண்டாம்.